வயலில் அடித்த மருந்தைக் கழிமுகத்தில் தேடியவர்

நெல்லுக்கு மருந்தடித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வருகிறீர்கள். சாயங்காலம் எதிர்பாராத மழை. வயல் நிறைந்து வரப்பில் வழிகிறது. வேறு வழியில்லாமல் வடிமடையைத் திறந்துவிடுகிறீர்கள். அடித்த மருந்து வீணாகப் போயிற்றே என்று அன்றிரவு வருத்தப்படுவீர்கள். மருந்துக்கு எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பீர்கள். போன மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

நானும் பல ஆண்டுகள் யோசித்ததில்லை. உழவியல் படித்த என் போன்றவர்களுக்கு மருந்தின் பயணம் இலையில் தொடங்கிப் பூச்சியின் வயிற்றில் முடிந்துவிடும். வயலுக்கு அப்பால் வடிகால், வடிகாலுக்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் கடலோடு கலக்கும் கழிமுகம் என்று கடைசிவரை போய்ப் பார்த்தவர் ஒரு பெண். அவர் விவசாயியும் இல்லை, வேளாண் விஞ்ஞானியும் இல்லை. அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் வேலை பார்த்தவர். பெயர் ரேச்சல் கார்சன்.

நான் கல்லூரியில் படித்தபோது அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் குறிப்பேட்டில் எழுதினேன். 1962-இல் பூச்சிமருந்துக்கு எதிராக மௌன வசந்தம் என்ற பொருளில் தலைப்பிட்டுப் புத்தகம் எழுதிய பெண்மணி. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அதே குறிப்பேட்டில் எண்டோசல்பான் ஏக்கருக்கு எத்தனை மில்லி என்றும் எழுதியிருந்தேன். பின்னாளில் அந்த அளவை எத்தனையோ விவசாயிகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்த பிறகுதான் கார்சனின் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். மருந்தே கூடாது என்று சண்டை போடும் புத்தகமாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அதில் இருந்தது வேறு. ஆற்று முகத்துச் சேற்றையும், அதில் வாழும் நண்டையும், அந்த நண்டைத் தின்னும் பறவையையும் முப்பது ஆண்டுகள் பார்த்துப் பழகிய ஒருவரின் கணக்கு அது. அவருடைய வாழ்க்கையை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் இதுதான்.

கார்சன் 1907-ஆம் ஆண்டு மே 27 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பிறந்தார். அலிகெனி ஆற்றின் கரையில் உள்ள ஊர். குடும்பத்துக்கு 65 ஏக்கர் நிலம். 65 ஏக்கர் என்றதும் பெரிய பண்ணை என்று எண்ணிவிடாதீர்கள். பழ மரங்களும் சில கால்நடைகளும்தான் இருந்தன. அப்பாவுக்கு விவசாயம் கைகொடுக்கவில்லை. நிலத்தை மனை போட்டு விற்கலாம் என்று பார்த்தார், அதுவும் ஓடவில்லை. அம்மா மரியா பியானோ சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தோப்பிலும் ஓடைக்கரையிலும் நடந்து, பறவைகளையும் பூச்சிகளையும் அடையாளம் காட்டியவரும் அந்த அம்மாதான். மகள் பதினொரு வயதிலேயே சிறுவர் பத்திரிகையில் கதை எழுதினார். எழுத்தாளராக வேண்டும் என்றுதான் பிட்ஸ்பர்க்கில் உள்ள பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தார். அங்கே உயிரியல் ஆசிரியை ஒருவரின் வகுப்பு அவரைத் திருப்பிவிட்டது. பாடத்தை மாற்றிக்கொண்டு 1929-இல் உயிரியலில் பட்டம் பெற்றார்.

கடலைப் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்ற இவர், கடலை முதன்முதலில் கண்ணால் பார்த்தது அந்த 1929 கோடையில்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது அவருக்கு வயது 22. பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1932-இல் விலங்கியல் முதுகலை. முனைவர் பட்டத்துக்கும் சேர்ந்தார், ஆனால் முடிக்க முடியவில்லை. நாடு முழுக்கப் பொருளாதார மந்தம், வீட்டில் வருமானம் இல்லை. 1935-இல் அப்பா இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அக்காவும் இரண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். அம்மாவையும் அந்தக் குழந்தைகளையும் காப்பாற்றும் பொறுப்பு திருமணமாகாத கார்சனின் தலையில் விழுந்தது.

மீன்வளத் துறை வானொலிக்காக நடத்திய ஏழு நிமிட நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுக்கும் சில்லறை வேலைதான் முதலில் கிடைத்தது. மீனைப் பற்றிச் சலிப்பில்லாமல் எழுத ஆள் கிடைக்காமல் தவித்த துறைக்கு இவர் வரப்பிரசாதம். அரசுத் தேர்வு எழுதி முதலிடம் பெற்று, 1936-இல் இளநிலை நீர்வாழ் உயிரியலாளராக நிரந்தர வேலையில் அமர்ந்தார். மீனவர்களின் அறுவடை விவரம், ஆளி வளர்ப்பு, முட்டையிட ஆற்றில் ஏறும் மீன்கள், செசபீக் விரிகுடாவின் நிலை எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. நம் விரிவாக்கப் பணியாளர்களுக்கு இந்த வேலை நன்றாகப் புரியும். ஆய்வாளர்களின் அறிக்கையைப் படித்து, சாதாரண மனிதருக்கு விளங்கும்படி எழுதிக் கொடுப்பது. பதினைந்து ஆண்டுகள் அதைத்தான் செய்தார். 1949-இல் துறையின் வெளியீடுகள் அனைத்துக்கும் தலைமை ஆசிரியர் ஆனார்.

இந்தக் காலத்தில் அவர் மனத்தில் ஊறிப்போன இடம் கழிமுகம். 1938 கோடையில் வட கரோலினாவின் போஃபோர்ட் கடற்கரையில் தங்கி, ஓதம் ஏறுவதையும் வற்றுவதையும் இரவு பகலாகப் பார்த்தார். 1941-இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் மனிதர்கள் ஏறக்குறைய இல்லை. அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி மணலைக் கொத்தி, அலை வரும்போது திரும்பி ஓடிவரும் ஒரு சிறிய உள்ளான் இனம்தான் அதன் முதல் பகுதியில் முக்கியப் பாத்திரம். நம் கிழக்குக் கடற்கரைக்கும் குளிர்காலத்தில் வரும் பறவைதான் அது. ஐம்பது, அறுபது கிராம் எடைதான் இருக்கும். தென் அமெரிக்காவின் தென்முனையிலிருந்து வடதுருவப் பகுதிவரை பறந்துபோய்க் குஞ்சு பொரித்துத் திரும்பும். இடையில் எங்கெல்லாம் ஆறு கடலில் கலக்கிறதோ அங்கெல்லாம் இறங்கி, சேற்றிலும் மணலிலும் உள்ள புழுவையும் சிறு நண்டையும் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு மறுபடியும் கிளம்பும். அந்தச் சேறுதான் அதற்கு வழிச் சத்திரம். புத்தகம் வெளியான அடுத்த மாதமே அமெரிக்கா போரில் இறங்கியது. வாங்க ஆளில்லாமல் புத்தகம் முடங்கியது.

அதே போர்தான் டி.டி.டி.யையும் கொண்டுவந்தது. ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர் 1939-இல் அதன் பூச்சிகொல்லும் திறனைக் கண்டார். பேன் வழியாகப் பரவும் டைபஸ் காய்ச்சலும் மலேரியாவும் அதனால் அடங்கின. முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது, அந்த மருந்து காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் போர் முடிந்ததும் மிச்சமிருந்த மருந்தும் விமானங்களும் வயலுக்கும் காட்டுக்கும் சதுப்புக்கும் திரும்பின. 1945-லேயே மேரிலாந்தில் கார்சனின் துறை நண்பர்கள் டி.டி.டி. தெளித்த இடத்தில் பறவைக்கும் மீனுக்கும் என்ன ஆகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரட்டுமா என்று ஒரு பெரிய மாத இதழைக் கேட்டார் கார்சன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் பதின்மூன்று ஆண்டு தூங்கியது.

நடுவில் அவர் வாழ்க்கை மாறியது. 1951-இல் கடலைப் பற்றி அவர் எழுதிய இரண்டாவது புத்தகம் 86 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நின்றது. கையில் முதன்முறையாகப் பணம் சேர்ந்தது. 1952-இல் அரசு வேலையை விட்டார். மெய்ன் மாநிலத்தில் ஷீப்ஸ்காட் ஆற்றின் கழிமுகத்தில், சவுத்போர்ட் தீவில் சிறிய வீடு கட்டிக்கொண்டார். கோடைகாலம் முழுக்க அங்கேதான். நீர் வற்றும் நேரத்தில், இரவானாலும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு பாறைகளுக்குப் போவார். பிடித்த சிற்றுயிர்களை வாளியில் கொண்டுவந்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விடுவார். பனிக்குளிர் நீரில் நின்று விறைத்துப்போன அவரைக் கரைக்குத் தூக்கிவந்த நாளும் உண்டு. கரையோர உயிர்கள் பற்றிய மூன்றாவது புத்தகம் 1955-இல் வந்தது.

1957-இல் அக்கா மகள்களில் ஒருவர் இறந்தார். அவருடைய ஐந்து வயது மகன் ரோஜரைத் தத்தெடுத்துக்கொண்டார். ஐம்பது வயதில், நோயாளியான அம்மாவோடும் ஒரு சிறு பையனோடும் ஓய்வாக இருக்கத்தான் நினைத்திருப்பார். 1958 ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓல்கா ஹக்கின்ஸ் என்ற தோழி. மாசசூசெட்ஸ் கடற்கரையில் டக்ஸ்பரி என்ற ஊரில் தம் வீட்டைச் சுற்றிப் பறவைகளுக்காகவே இடம் விட்டு வைத்திருந்தவர். முந்தைய கோடையில் உப்புச் சதுப்புக் கொசுவை ஒழிக்க அரசு விமானம் வந்து டி.டி.டி. தெளித்தது. அடுத்த சில நாட்களில் தோட்டத்தில் பறவைகள் துடித்துச் செத்து விழுந்தன. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் கழுவி ஊற்றியும் பயனில்லை. இது நிற்க யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்.

கார்சன் விசாரிக்கத் தொடங்கினார். முதலில் ஒரு கட்டுரை போதும் என்றுதான் நினைத்தார். அரசுத் துறைகளிலும் ஆய்வு நிலையங்களிலும் இருந்த பழைய நண்பர்கள் அறிக்கைகளை அனுப்ப அனுப்ப, அது நான்கு ஆண்டு வேலையாக விரிந்தது. அவர் திரட்டியதில் நம் பேச்சுக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1955-இல் புளோரிடாவின் கிழக்குக் கரையில், செயின்ட் லூசி மாவட்டத்தில், சுமார் 2,000 ஏக்கர் உப்புச் சதுப்பில் டீல்ட்ரின் குருணை தூவினார்கள். மனிதரைக் கடிக்கும் ஒரு சிறு ஈயின் புழுவைக் கொல்வதற்காக. அளவு ஏக்கருக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் மூல மருந்து. நமக்கு இது பெரிய அளவாகத் தெரியாது. ஆனால் செத்த மீன்களை மாநில சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது 30 வகைகளுக்குக் குறையாமல் சுமார் 11,75,000 மீன்கள். எடை 20 முதல் 30 டன். மடவையும் குஞ்சு மீன்களும் கரையெங்கும் ஒதுங்கின. மீனைவிடக் கொடுமை நண்டுக்கு. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்குமே, கழிமுகச் சேற்றில் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக நிற்கும் சிறு நண்டு, அது ஏறக்குறைய அடியோடு அழிந்தது. குருணை விழாமல் தப்பிய திட்டுகளில் மட்டும் கொஞ்சம் மிஞ்சின. செத்த மீனைத் தின்ன வந்த பெரிய நண்டுகளும் மறுநாள் செத்தன. நத்தைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நண்டு போனால் என்ன என்று கேட்கத் தோன்றும். வயலில் வரப்பை ஓட்டை போடும் நண்டோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இன்னும் கூடுதலாகத் தோன்றும். கழிமுகத்தில் அந்தச் சிறு நண்டுதான் சேற்றைக் கிளறிக் காற்றோட்டம் தருவது. மண்புழு வயலுக்குச் செய்வதை அது சதுப்புக்குச் செய்கிறது. கொக்கும் உள்ளானும் சதுப்புக் கானாங்கோழியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் ஓர் உப்புச் சதுப்பில் டி.டி.டி. தெளித்த பிறகு, வழக்கமாக அங்கே இருக்கும் ஒருவகைக் கடற்காகங்கள் பல வாரங்கள் 85 விழுக்காடு குறைந்துபோனதையும் கார்சன் பதிவு செய்தார். அவை மருந்து பட்டுச் சாகவில்லை. தின்ன ஒன்றும் கிடைக்காமல் இடத்தைக் காலி செய்திருக்க வேண்டும்.

இங்கே நான் படித்த மண்ணியலைக் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டும். டி.டி.டி., டீல்ட்ரின் போன்றவை தண்ணீரில் சரியாகக் கரையாது. களிமண் துகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும். மழை வெள்ளத்தில் மண் கரைந்து போகும்போது அதன் முதுகில் ஏறிக்கொண்டு மருந்தும் போகிறது. ஆறு ஓடும்வரை துகள் மிதக்கிறது. கழிமுகத்தில் உப்பு நீர் பட்டவுடன் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே படிகின்றன. ஆற்றின் மொத்தப் படுகையிலிருந்தும் வருவது ஒரே இடத்தில் சேறாகத் தங்கிவிடுகிறது. அந்தச் சேற்றைப் புழு தின்கிறது, புழுவைச் சிறு மீன் தின்கிறது, மீனைப் பறவை தின்கிறது. மருந்து கொழுப்பில் கரைவது என்பதால் ஒவ்வொரு படியிலும் உடம்பிலேயே தங்கிக் கூடிக்கொண்டே போகிறது. வலசை போகும் பறவைக்கு இன்னொரு ஆபத்து. அது கொழுப்பாகச் சேர்த்து வைத்த சாப்பாட்டை ஆகாயத்தில் எரிக்கும்போது, அதற்குள் இருந்த விஷமும் ஒரே நேரத்தில் இரத்தத்துக்கு வருகிறது.

இன்று கடையில் கிடைக்கும் மருந்துகள் பலவும் டி.டி.டி. போல ஆண்டுக்கணக்கில் நிற்பவை இல்லை, அது உண்மை. ஆனால் சில மருந்துகள் தண்ணீரில் நன்றாகக் கரையும், வடிகாலோடு சுலபமாகப் போகும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறு அளவிலேயே எமன். நண்டும் இறாலும் பூச்சிக்குப் பங்காளி முறை, எல்லாம் கணுக்காலி இனம். பூச்சியைக் கொல்வது அவற்றையும் கொல்லும். டேங்கை வாய்க்காலில் அலசுவதும், மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது மருந்தடிப்பதும், மருந்தடித்த மறுநாளே வயல் தண்ணீரை வடிப்பதும் வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கார்சன் கதைக்கு வருவோம். எழுதிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர் வீட்டில் சாவும் நோயும்தான். 1958 டிசம்பரில் அம்மா போனார். 1960-இல் மார்பில் கட்டி கண்டு அறுவை சிகிச்சை நடந்தது. அது புற்றுநோய்தான் என்பதை முதலில் பார்த்த மருத்துவர் மறைத்துவிட்டார். பரவிய பிறகு, அந்த ஆண்டு இறுதியில்தான் வேறொருவர் மூலம் தெரிந்தது. கதிர்வீச்சு சிகிச்சை, மூட்டு வீக்கம், கொஞ்ச நாள் கண் பார்வையும் மங்கியது. தமக்கு நோய் இருப்பதை வெளியில் தெரியவிடவில்லை. புற்றுநோய் வந்த ஆத்திரத்தில் ரசாயனத்தைத் திட்டுகிறார் என்று சொல்லிவிடுவார்கள் என்ற கவலை.

1962 ஜூனில் ஒரு வார இதழில் தொடராகவும், செப்டம்பர் 27 அன்று புத்தகமாகவும் வெளிவந்தது. வெளிவரும் முன்பே ஒரு ரசாயன நிறுவனம் வழக்குப் போடுவோம் என்று பதிப்பகத்துக்கு எழுதியது. வந்த பிறகு வசை மழை. முனைவர் பட்டம் இல்லாதவர், கல்யாணம் ஆகாதவர், உணர்ச்சிவசப்படும் பெண், பூனை வளர்ப்பவர் என்றெல்லாம் சொன்னார்கள். பெயருக்கு முன்னால் முனைவர் போட்டுக்கொள்ளும் எனக்கு அந்த முதல் வசைதான் உறுத்துகிறது. பட்டம் பெற்ற எத்தனையோ பேர் கையில் அதே அறிக்கைகள் தனித்தனியாக இருந்தன. வனத்தில் தெளித்ததை வனத்துறை பார்த்தது, கொசுவுக்குத் தெளித்ததைச் சுகாதாரத் துறை பார்த்தது. எல்லாம் ஒரே ஆற்றில் இறங்குகிறது என்று சேர்த்துப் பார்த்தவர் இவர் ஒருவர்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருந்தே கூடாது என்று அவர் எழுதவில்லை. என்ன ஊற்றுகிறோம் என்று தெரியாமல், கேட்கிறவரிடம் சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது என்றார். பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்று எச்சரித்தார். மாட்டுப் புண்ணில் முட்டையிடும் ஈயை, மலடாக்கிய ஆண் ஈக்களை விட்டே 1954-இல் குராசோ தீவில் ஒழித்ததைப் பாராட்டி எழுதினார். இயற்கை எதிரிகளைப் பயன்படுத்தும் முறைகளுக்கு முழு அத்தியாயம் ஒதுக்கினார். இன்று ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று நாங்கள் சொல்வதில் பாதி அங்கே இருக்கிறது. புத்தகத்தில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. கடன் வாங்கிப் பயிர் வைத்து, கண்ணெதிரே பயிர் போவதைப் பார்க்கும் சிறு விவசாயி அதில் அதிகம் வருவதில்லை. அவர் கண்டித்ததெல்லாம் பெரும்பாலும் அரசே விமானத்தில் தெளித்த திட்டங்கள். அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அவரை விவசாயிக்கு எதிரி ஆக்கியவர்கள் பலர்.

குடியரசுத் தலைவர் கென்னடி அமைத்த அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதம் அறிக்கை தந்தது. கார்சன் சொன்னதன் சாரத்தை அது ஏற்றுக்கொண்டது. ஜூனில் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். எலும்பு வரை நோய் பரவியிருந்த நேரம் அது. அந்தக் கோடையும் ஷீப்ஸ்காட் கழிமுக வீட்டில்தான் கழிந்தது. 1964 ஏப்ரல் 14 அன்று மேரிலாந்தில் தம் வீட்டில் இறந்தார். வயது 56. சாம்பலில் ஒரு பகுதியை அம்மாவின் கல்லறை அருகில் புதைத்தார்கள். மறு பகுதியை அவருடைய தோழி டாரதி ஃப்ரீமன், சவுத்போர்ட் தீவின் நியூவேகன் பாறைகளிலிருந்து கடலில் தூவினார்.

கழிமுகச் சேற்றின் கணக்கு அவர் இறந்த பிறகுதான் எண்களில் முழுமையாக வந்தது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், கொசுவுக்காக இருபது ஆண்டு டி.டி.டி. தெளித்த ஒரு சதுப்பை ஆராய்ந்து 1967-இல் வெளியிட்டார்கள். மேல் சேற்றில் ஏக்கருக்கு 32 பவுண்டு வரை, அதாவது பதினான்கரை கிலோ டி.டி.டி. இருந்தது. தண்ணீரில் பத்து லட்சத்தில் 0.00005 பங்குதான். மிதவை உயிர்களில் 0.04. சிறு மீன்களில் 0.23-இலிருந்து 0.94. முரல் மீனில் 2.07. கொக்கில் 3.57. நீர்க்காகத்தில் 26.4. தண்ணீரை மட்டும் சோதித்திருந்தால் சுத்தம் என்று சான்று கொடுத்திருப்போம். கொக்கின் உடம்பில் அதைப்போல எழுபதாயிரம் மடங்குக்கு மேல்.

அதே காலத்தில் இன்னொரு சோதனை. வயல் சோதனை செய்து பழகிய எனக்கு இது மிகவும் பிடித்தது. கனெக்டிகட் ஆற்று முகத்தில் மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பான் கூடுகள் 1960-இல் 71 இருந்து, 1963-இல் 24 ஆகக் குறைந்திருந்தன. இடம் கெட்டதா, தாய்ப்பறவை அடைகாக்கவில்லையா, முட்டையே கெட்டதா என்ற குழப்பம். பால் ஸ்பிட்சர் என்ற இளைஞர் 1968-இல் மேரிலாந்துக் கூடுகளின் முட்டையைக் கனெக்டிகட் கூட்டிலும், கனெக்டிகட் முட்டையை மேரிலாந்துக் கூட்டிலும் மாற்றி வைத்தார். நாற்றை மாற்றி நட்டுப் பார்ப்பது போலத்தான். மேரிலாந்து முட்டைகள் கனெக்டிகட்டிலும் நன்றாகப் பொரித்தன. கனெக்டிகட் முட்டைகள் எங்கே வைத்தும் சரியாகப் பொரிக்கவில்லை. கோளாறு முட்டையில் இருந்தது. டி.டி.டி. உடம்பில் சிதைந்து உண்டாகும் டி.டி.இ., ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்துச் சேரவிடாமல் தடுத்ததால், அடைகாக்கும் எடைக்கே முட்டை உடைந்தது. அந்த ஓடு மெலிவதை இங்கிலாந்தில் டெரிக் ராட்கிளிஃப் 1967-இல் காட்டியிருந்தார்.

1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யை வயலிலிருந்து விலக்கியது. நம் நாடு 1989-இல் விவசாயத்தில் அதை நிறுத்தி, நோய் பரப்பும் பூச்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. விலக்கிய பத்து இருபது ஆண்டுகளில் அங்கே விராலடிப்பானும் கூழைக்கடாவும் மெல்ல மெல்லப் பெருகின. அறிவியலாளர்கள் நம் வெள்ளாற்றுப் படுகையிலும் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்திலும் இதே கேள்வியைக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். நெல்லுக்குப் போட்ட எச்.சி.எச். மருந்தைத் தொடர்ந்து போனபோது, நம் வெயிலுக்கு அதில் மிகப் பெரும் பங்கு ஆவியாகிக் காற்றோடு போனதும், சிறு பங்கே ஆற்று வழியாகக் கழிமுகத்தை எட்டியதும் தெரிந்தது. வெப்ப நாட்டில் மருந்து போகும் வழி கொஞ்சம் வேறு.

மெய்ன் கடற்கரையில் ஆறுகள் கடலில் கலக்கும் உப்புச் சதுப்புகளை இணைத்து 1966-இல் ஒரு காட்டுயிர்ச் சரணாலயம் அமைத்திருந்தார்கள். பிறகு அதற்குக் கார்சன் பெயரை வைத்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வடதுருவப் பக்கமிருந்து தெற்கே போகும் உள்ளான்கள் அங்கே இறங்குகின்றன. நீர் வற்றிய சேற்றில் புழுவும் நண்டும் கொத்தித் தின்று, கொழுப்பு ஏறியதும் கிளம்பிப் போகின்றன.